லாரி சூடாகிறதா, மீட்டர் தவறாகக் காட்டுகிறதா?

கேள்வி: என்னிடம் இருப்பது முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய நடுத்தர டீசல் லாரி. சில மாதங்களாகப் பாரத்துடன் மேடு ஏறும்போது சூட்டு மீட்டரின் முள் சிவப்பைத் தொடுகிறது. சமதரைக்கு வந்ததும் இறங்கிவிடுகிறது. இரவில் மேடே இல்லாத சாலையிலும் முள் மெல்ல மேலே போய் நிற்கிறது. ஒரு மெக்கானிக், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இன்னொருவர் இன்ஜினில் இருக்கும் சூட்டு சென்சாரை மாற்றினார். பலன் இல்லை. டீசல் மீட்டரும் இப்போது சரியில்லை. இரவில் டாங்கில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். ரேடியேட்டருக்குத் தனியாக உபரித் தண்ணீர் பாட்டில் கிடையாது. மொத்தம் சுமார் 25 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வாரம் ஒரு முறை வாய்வரை நிரப்புகிறேன். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1 லிட்டர் குழாய்த் தண்ணீர் உள்ளே போகிறது. வண்டிக்கு அடியில் ஒழுகல் எதுவும் தெரியவில்லை. ஹெட் காஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டு ஓட்டுங்கள் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது? அடுத்த வாரம் பாரத்துடன் மலைச்சாலையில் ஒரு பயணம் இருக்கிறது, போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் பிடித்துக்கொண்டது, நீங்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்த அந்த டீசல் மீட்டரைத்தான். டாங்கில் கிடக்கும் டீசலுக்கும் இன்ஜினின் சூட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டு முள்ளும் இரவில் சேர்ந்தே ஏறுகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில் கோளாறு இருக்கிறது. அந்த இடம் இன்ஜினில் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. இரவில் நடப்பது பகலில் நடக்கவில்லை என்பதால், விளக்குகள் எரியும்போது ஓடும் மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாகவே நினைக்கிறேன்.

ஆனால் இதை வைத்து, எல்லாமே மீட்டர் கோளாறுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பகலில், விளக்கு எரியாத நேரத்தில், பாரத்துக்கும் மேட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கும் முள்ளைப் பொய் என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. உங்கள் லாரியில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே முள்ளின் வழியாகத் தெரிகின்றன என்பது என் கணிப்பு. அதனால்தான் எந்தப் பாகத்தை மாற்றியும் நிலைமை தெளியவில்லை. தெர்மோஸ்டாட் மாறியது, சென்சார் மாறியது, இப்போது இன்ஜினைப் பிரிப்பதுவரை பேச்சு வந்துவிட்டது. ஆனால் இன்ஜின் உண்மையில் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று இதுவரை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு வருத்தம் தருவது அதுதான். அளக்காமல் வாங்கும் ஒவ்வொரு பாகமும் குருட்டாம்போக்கில் வாங்குவதே.

ஆகவே இனி எதையும் வாங்குவதற்கு முன், டேஷ்போர்டை நம்பாமல் சூட்டைத் தனியாக அளந்துவிடுங்கள். கையில் பிடித்துக் குறிபார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பளபளப்பான அலுமினியத்தின் மீது குறிவைத்தால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். எனவே தெர்மோஸ்டாட் கூட்டின் மீது, சென்சாருக்கு அருகில், பெயின்ட் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டும் காகித நாடாவை ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். அல்லது பளபளப்பில்லாத கறுப்பு பெயின்டை ஒரு நாணயத்தின் அளவுக்குத் தடவிக்கொள்ளுங்கள். வெப்பமானியை அதற்கு மிக அருகில் பிடித்து அளக்க வேண்டும். ரப்பர் ஹோஸ்கள் கறுப்பாகவே இருப்பதால் அவற்றை அப்படியே அளக்கலாம். வெளியே தெரியும் அளவு உள்ளே இருக்கும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனையைப் பகலில், சமதரையில் செய்யுங்கள். லாரியை அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, இன்ஜினை நிற்கவிடாமல் ஐடிலில் வைத்து அளந்துகொள்ளுங்கள். மீட்டர் கண்ணாடியின் மேல் அதே காகித நாடாவில் சிறு துண்டு ஒட்டி, முள் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, அளந்த டிகிரியை அதன் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிறகு ஹெட்லைட்டையும் டேஷ்போர்டு விளக்குகளையும் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். முள் கோட்டைத் தாண்டி ஏறுகிறது, வெப்பமானி காட்டும் எண் அப்படியே நிற்கிறது என்றால், இரவுப் பிரச்சினை மின்சாரம் சம்பந்தப்பட்டது என்பது நிரூபணமாகிவிட்டது. இந்த நேரம் முழுவதும் ஃபேனும் பெல்ட்டும் சுழன்றுகொண்டிருக்கும். துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் அருகில் போகக் கூடாது.

அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் முள் "மெல்ல" ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் எனக்கு நிறையச் சொல்கிறது. பழைய மீட்டர்களில் ஒரு வகை, இரட்டை உலோகப் பட்டையின் மீது சுற்றிய கம்பி சூடாகி, பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும் வகை. பட்டை சூடாக நேரம் எடுக்கும் என்பதால் முள் நிதானமாகத்தான் நகரும். இந்த மீட்டர்களுக்கு பேட்டரியின் மின்சாரம் நேராகப் போவதில்லை. டேஷ்போர்டின் பின்புறம் ஒரு சிறு தகரப் பெட்டி இருக்கும். அதுதான் மீட்டர்களுக்கான வோல்டேஜ் ரெகுலேட்டர். வேகமாகத் தொடுத்தும் துண்டித்தும், சராசரியாக 5 வோல்ட்டோ 10 வோல்ட்டோ கிடைக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. சூட்டு மீட்டரும் டீசல் மீட்டரும் இதே பெட்டியிலிருந்துதான் மின்சாரம் பெறுகின்றன. இந்தப் பெட்டி சரியாக வேலை செய்ய அதற்கு நல்ல எர்த், அதாவது வண்டியின் உலோக உடல் வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, வேண்டும். மீட்டர் பலகையைப் பிடித்திருக்கும் திருகு துருப்பிடித்து எர்த் பலவீனமானால், துண்டிக்க வேண்டிய நேரத்தில் அது துண்டிப்பதில்லை. சராசரி வோல்டேஜ் கூடிவிடுகிறது, அதில் தொங்கும் எல்லா முள்ளும் ஏறுகின்றன. டேஷ்போர்டு விளக்குகளும் அதே துருப்பிடித்த திருகின் வழியாகவே எர்த் எடுத்தால், விளக்கு எரியும் நேரத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். உங்களுக்கு இரவில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சோதிப்பது எளிது. மீட்டர் பலகையின் உலோகப் பகுதியிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் தற்காலிகமாக நேராக ஒரு வயர் இழுத்து, விளக்குகளைப் போட்டுப் பாருங்கள். இரண்டு முள்ளும் ஏறாமல் நின்றுவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பலகையை வெளியே எடுங்கள். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டும் துருவும் போகச் சுரண்டி உலோகத்தைப் பளிச்சென்று ஆக்கி, இறுக்கிப் பூட்டுங்கள். ஒரு பாகமும் வாங்க வேண்டியதில்லை. வயர் இழுத்தும் மாறவில்லை என்றால் ரெகுலேட்டரையே சந்தேகிக்கலாம். மீட்டருக்குப் போகும் முனையில் டெஸ்ட் லாம்பை வைத்தால் அது விட்டுவிட்டு எரிய வேண்டும். விடாமல் பிரகாசமாக எரிந்தால் பெட்டியின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள்.

சூட்டு முள் மட்டும் ஏறி, டீசல் முள் அசையாமல் இருந்திருந்தால் நான் வேறு இடத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். சூட்டு சென்சார் தன் எர்த்தை இன்ஜின் பிளாக்கிலிருந்து எடுக்கிறது. டீசல் டாங்கின் மிதவையோ வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலிருந்து எடுக்கிறது. இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் தடித்த எர்த் பட்டை அரித்துப்போனால் சூட்டு முள் மட்டும் தவறும். இருந்தாலும் அந்தப் பட்டையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஓட, எல்லா விளக்குகளும் எரிய, மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. சேசிஸுக்கும் பிளாக்குக்கும் இடையிலும் அதே கணக்குத்தான்.

மாற்றிய புதுச் சென்சாரைப் பற்றியும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இந்தச் சென்சாருக்குள் இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு வில்லை. எந்தச் சூட்டில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். மறை ஒன்றாக இருக்கிறது, தலை ஒன்றாக இருக்கிறது என்பதற்காகப் பொருத்திவிட்டால், இன்ஜின் சரியாக ஓடும்போதும் முள் தவறான இடத்தில் நிற்கும். பழைய சென்சார் இன்னும் கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, இரண்டு சென்சார்களின் நுனியும் நனையும்படி தொங்கவிட்டு, கூடவே ஒரு வெப்பமானியையும் வைத்துச் சூடாக்குங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை சென்சாரின் தலையில், மற்றொன்று அதன் உடலில். 40, 60, 80 டிகிரியில் வரும் ஓம் அளவுகளை எழுதி, லாரியின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அளவு சீராக இறங்கிக்கொண்டே வர வேண்டும், நடுவில் தாவக் கூடாது. திரும்பப் பூட்டும்போது மறையில் வெள்ளை டேப்பைக் கனமாகச் சுற்றாதீர்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அந்த மறைதான் எர்த்.

மீட்டரைப் பற்றிய பேச்சை முடிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மேட்டில் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்த முள் திடீரென்று சடாரென இறங்கினால், சூடு தணிந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் அதற்குக் கீழே போய்விட்டால் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கிறது. உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் குளிர்ச்சி என்று காட்டும். ஹெட் வளைந்து, பிஸ்டன் பிடித்துப்போன பல இன்ஜின்கள் கடைசி நிமிடங்களில் மீட்டரில் நல்லபடியாகவே காட்டியிருக்கின்றன. அத்தகைய இறக்கத்தைக் கண்டால் அந்த இடத்திலேயே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

இனி அந்த 1 லிட்டர் தண்ணீருக்கு வருவோம். ஹெட் காஸ்கெட் என்று சொன்னவர் இதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டிய வேறொரு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தண்ணீர் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்கு ஏறும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 4 சதவீதம் கூடுகிறது. 25 லிட்டரில் 4 சதவீதம் என்றால் 1 லிட்டர். உங்கள் ரேடியேட்டருக்கு உபரி பாட்டில் இல்லை. குளிர்ந்த நிலையில் வாய்வரை நிரப்பினால், சூடானதும் பெருகும் தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகுழாய் வழியாகச் சாலையில் கொட்டிவிடும். இரவு குளிர்ந்ததும் மட்டம் தாழ்ந்து தெரியும். நீங்கள் மறுபடி நிரப்புவீர்கள், அது மறுபடி கொட்டும். ஓடும்போது கொட்டுவதால் நிறுத்துமிடத்தில் ஈரம் தெரியாது. இப்படிப்பட்ட பழைய ரேடியேட்டர்களின் மேல் தொட்டியில், மூடி வாய்க்குக் கீழே நான்கைந்து சென்டிமீட்டர் காலி இடம் விட்டே நிரப்ப வேண்டும். உள்ளே இருக்கும் குழாய்களின் மேல்முனைகள் மூழ்கியிருந்தால் போதும்.

அதனால் இந்த வாரம் நிரப்பாதீர்கள். காலையில் இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, ஒரு குச்சியை உள்ளே விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் முனைகள் மூழ்கியிருக்கும்வரை தண்ணீர் ஊற்றாமல் தினமும் அதே குச்சியால் பாருங்கள். மட்டம் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டால் உங்களுக்கு ஒழுகலே இல்லை. அதுதான் அந்த ரேடியேட்டரின் இயல்பான மட்டம். தொடர்ந்து இறங்கினால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

அடுத்த கட்டத்தில் முதலில் மூடி. எளிய பாகம் என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கொதிநிலையைத் தீர்மானிப்பதே அதுதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) மூடியின் அழுத்தத்தில் ஏறக்குறைய 111 டிகிரிவரை தாங்கும். 15 பிஎஸ்ஐ என்றால் 121 டிகிரிவரை. மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். மேட்டில் 102 டிகிரியில் சமாளித்திருக்க வேண்டிய இன்ஜின் கொதித்து வழியும். உங்கள் லாரிக்கு எந்த அளவு குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதே அளவு மூடியைப் போடுங்கள். கூடுதல் அழுத்தமுள்ள மூடியைப் போட்டால் நல்லது என்று நினைத்துப் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றை வெடிக்க வைக்காதீர்கள். காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிப்போயிருந்தால், காற்றை உள்ளே திரும்ப விடும் மூடியின் சிறு வால்வு அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மூடியும் சரி என்றால் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றி, கால் மணி நேரம் விட்டுவையுங்கள். பம்பின் அழுத்த முள் இறங்காமல் நின்றால் வெளி ஒழுகல் இல்லை. இறங்கினால் வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை, ஹோஸ் கிளிப்புகள், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு அடைப்புகள் ஆகியவற்றைக் கைவிளக்கு வைத்துத் தேடுங்கள். உலர்ந்த தண்ணீர் வெள்ளையாகவோ துரு நிறத்திலோ தடம் விட்டிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு தண்ணீர் குறைந்துகொண்டே போனால்தான் ஹெட் காஸ்கெட். அதையும் பிரிக்காமலே உறுதிப்படுத்த முடியும். இரவெல்லாம் நின்ற லாரியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும்போதே, ஓரிரு நிமிடத்துக்குள், ஹோஸ் கல்போல் விறைத்தால் அது சூட்டினால் வந்த அழுத்தம் அல்ல; இன்ஜின் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு சோதனைக் குப்பியும் இருக்கிறது. அதிலுள்ள நீலத் திரவம் அந்த எரிந்த வாயு பட்டதும் நிறம் மாறிவிடும். டீசல் இன்ஜின் என்று சொல்லி அதற்குரிய திரவத்தைக் கேட்டு வாங்குங்கள். காஸ்கெட் கசிவு பெரும்பாலும் பாரத்தில்தான் வெளிப்படும் என்பதால், ஐடிலில் மட்டும் சோதித்துவிட்டு நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. மேடு ஏறி வந்த கையோடு மூடியைத் திறப்பதோ ஆபத்து. எனவே பாரத்துடன் ஓட்டிவிட்டு வந்து, முழுவதும் ஆறவிட்டு, பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து சோதியுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கில் மோர் நிறத்தில் கலங்கல் இருந்தால் வேறு சோதனையே வேண்டாம், வண்டியை எடுக்காதீர்கள்.

பகலில் மேட்டில் ஏறும் சூடு உண்மைதானா என்று இன்னும் தெரியாது. அதற்குத்தான் வெப்பமானியோடு ஒரு மேடு ஏறிப் பார்க்க வேண்டும். அரைப் பாரத்துடன், குறுகிய ஏற்றமாகப் பார்த்துச் செய்யுங்கள். உச்சியில் பத்திரமான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் விட்டு, தெர்மோஸ்டாட் கூடு, ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் மூன்றையும் உடனே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டின் மீது 82 என்று பொறித்திருந்தால் அது அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும் என்று பொருள். முழுவதும் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஆகும். ஆகவே ஏற்றத்தின் முடிவில் 95 காட்டினால் இன்ஜின் ஆரோக்கியமாகவே இருக்கிறது, முள்தான் மிகைப்படுத்துகிறது. 105-ஐத் தாண்டினால் சூடு நிஜம்.

நிஜமானால் மற்ற இரண்டு எண்களும் வழி சொல்லும். மேல் ஹோஸ் மிகவும் சூடு, கீழ் ஹோஸ் கைபொறுக்கும் அளவுக்குக் குளிர்ச்சி என்றால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்பின் இலைகள் அரித்துத் தேய்ந்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம். கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம் என்பதால், பழைய ரப்பர் இளகி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால், இன்ஜின் வேகத்தில் அது உள்ளிழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒருவர் ஆக்சிலரேட்டரைக் கூட்ட இன்னொருவர் எட்ட நின்று பார்த்தால் தெரிந்துவிடும். மாறாக இரண்டு ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் தண்ணீர் சுற்றுகிறது, ஆனால் ரேடியேட்டர் அதைக் குளிர்விக்கவில்லை, காற்றுதான் குறை.

காற்று என்றதும் எல்லோரும் ஃபேனைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டரின் இடுக்குகளை. முன்பக்கம் சுத்தமாகத் தெரியும். உள்ளே தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பூச்சிகளும் சேர்ந்து அப்பியிருக்கும். ஒரு கைவிளக்கைப் பின்னால் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத இடத்தில் காற்றும் வராது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மென்மையான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு உடைந்தோ காணாமலோ போயிருந்தால் அதைத் திரும்ப மாட்டாமல் மேட்டில் குளிர்ச்சியை எதிர்பார்க்கக் கூடாது. யாராவது ஃபேனைக் கழற்றி மாட்டியிருந்தால் முன்பின் மாறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். திருப்பி மாட்டிய ஃபேனும் சுழலும், ஆனால் தள்ளும் காற்று வெகுவாகக் குறைந்துவிடும். ஃபேனின் நடுவில் திரவக் கிளட்ச் இருந்தால், இன்ஜின் நின்றிருக்கும்போது கையால் சுழற்றுங்கள். தடையே இல்லாமல் பலமுறை சுற்றினாலும், நடுமூட்டில் எண்ணெய் கசிந்த கோடுகள் இருந்தாலும் அது செத்துவிட்டது.

மேட்டில் கரும்புகை கக்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கக்கினால் ஏர் ஃபில்டரையும், டீசல் பம்பின் அளவையும் டைமிங்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் எரியும் டீசல் முழுவதும் சூடாகத்தான் மாறும். பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக்கும் இன்ஜினுக்குப் பாரம்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் யோசனை வேண்டவே வேண்டாம். பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. மேல்பக்கம் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே, கீழ்த் தட்டினால் குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். மேட்டில் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும். சமதரையிலும் குளிர்காலையிலும் இன்ஜின் உரிய சூட்டை எட்டாமல் ஓடும். டீசல் சரியாக எரியாது, ஆயில் சீக்கிரம் கெடும், லைனரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) பிஸ்டன் ரிங்கும் வேகமாகத் தேயும். புதிதாகப் போட்ட தெர்மோஸ்டாட்டின் மீது சந்தேகம் இருந்தால் அதையும் அந்தச் சென்சார் பாத்திரத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாமே. எந்தச் சூட்டில் திறக்கத் தொடங்குகிறது, எவ்வளவு திறக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

குழாய்த் தண்ணீரை நிறுத்துங்கள். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் வாரம் ஒரு லிட்டர் வீதம் நீங்கள் ரேடியேட்டருக்கும் பிளாக்குக்கும் ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மெல்லிய படிவு கூட உலோகத்திலிருந்து தண்ணீருக்குச் சூடு போவதைத் தடுக்கும். அதோடு, தண்ணீர் நேரடியாக லைனரைத் தொடும் டீசல் இன்ஜின்களில், வெறும் தண்ணீரை ஓட்டினால் லைனரின் வெளிப்புறம் புள்ளி புள்ளியாக அரித்துக் கடைசியில் துளையே விழும். அதைத் தடுக்கும் மருந்துகள் டீசல் இன்ஜினுக்கான கூலன்ட்டில் இருக்கின்றன. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, பிளாக்கையும் கழுவி, பிறகு கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். ஒழுகலை அடைக்கும் பொடிகளை ஊற்றாதீர்கள். ஒழுகும் இடத்தை அடைக்கும் பொடி, ஒழுகாத ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். நிரப்பும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, லாரியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தினால் உள்ளே காற்று தங்காது.

அடுத்த வாரப் பயணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன மேட்டுச் சோதனையில் 95-ஐ ஒட்டி நின்று, குச்சியின் மட்டமும் இறங்காமல் இருந்தால் தாராளமாகப் போய்வாருங்கள். டேஷ்போர்டு எர்த்தைக் கூடத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். 105-ஐத் தாண்டினாலோ, காலையில் ஹோஸ் விறைத்தாலோ, வேறு வண்டியில் பாரத்தை அனுப்புங்கள். ஒரு பயணத்தின் வருமானம் வளைந்துபோன ஹெட்டுக்கு ஈடாகாது.

இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் வந்து, போயே தீர வேண்டும் என்ற நிலைமை இருந்தால், பாரத்தைக் குறைத்துக்கொண்டு, காற்று குளிர்ந்திருக்கும் அதிகாலையில் ஏறுங்கள். பெரிய கியரில் இன்ஜினைத் திணறடிக்காமல் முன்கூட்டியே கியரைக் குறையுங்கள். இன்ஜின் சுற்று கூடினால்தான் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். முள் சிவப்பை நெருங்கினால் ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிடுங்கள். கேபினில் உட்கார முடியாது, ஆனால் அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். தொட்டுவிட்டால் ஓரம்கட்டி, தண்ணீர் கொட்டாமலும் ஆவி வராமலும் இருக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் சற்று உயர்ந்த ஐடிலில் ஓடவிட்டு அளந்து பாருங்கள். ஆவி வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மேல் ஹோஸைக் கையில் பிடித்து அமுக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை, அது ஒரு மணி நேரமானாலும் சரி, மூடியில் கை வைக்கக் கூடாது. வேகத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ வெடிக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, அதை ஓடவிட்டுக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.